தாத்தாவுக்குப் பதினான்கு பட்டங்கள்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்துக்காரன். பத்து வருடமாகப் பெங்களூரில் வேலை. உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

என் தாத்தா (அம்மாவின் அப்பா) சென்ற தையில் 91 வயதில் காலமானார். பன்முகத் திறமையாளர், தொட்டதெல்லாம் துலங்கும். எங்கள் குடும்பத்துக்கு ஆலமரம் மாதிரி இருந்தவர். வரும் தையில் முதல் தெவசத்தன்று ஒரு நினைவு மலர் வெளியிடுவதாக முடிவாகியிருக்கிறது. பேரன் பேத்திகள் 23 பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொன்று சொல்லி 14 தலைப்புகள் தேறியிருக்கின்றன: ஜவுளி உற்பத்தியாளர், நாடகக் கலைஞர், சித்த மருத்துவர் (எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவார்), மிருதங்க வித்வான், சிலம்ப ஆசான், ஜோதிடர், சமூக சேவகர் என்று போகிறது. தலைப்புக்கு ஒரு பக்கம். எழுதும் பொறுப்பு என் தலையில்.

அட்டையில் 'பல்கலைச் செம்மல்' என்று போடலாமா? நடுவில் சில வருடம் குடி இருந்தது, கடனும் இருந்தது. அதை எழுத வேண்டுமா? 1954 இடைத்தேர்தலில் காமராஜர் மேடையில் பாடினார் என்று வீட்டில் சொல்வார்கள், ஆதாரம் இல்லை, சேர்க்கலாமா? அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் போட வேண்டுமா?

சின்ன வயதில் அவர் அரிதாரம் பூசி, மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு வந்தபோது நான் அலறிப்போய் ஆயாவின் பின்னால் ஒளிந்துகொண்டது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. ஆயா இருக்கிறார். 86 வயது. காது சரியாகக் கேட்பதில்லை.

கு.

*

அன்புள்ள கு.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. மணிவிழா மலர், நினைவு மலர், 'எங்கள் தாத்தாவை வைத்து நீங்கள் ஒரு கதை எழுதவேண்டும்' என்று மாதத்துக்கு நாலைந்து வரும். உங்களுடையதையும் அப்படித்தான் ஒதுக்கினேன். ஆனால் அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் விடவில்லை. ஆயாவின் பின்னால் ஒளிந்துகொண்டீர்களே, கடிதத்தில் நீங்கள் எழுதியது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் வாட்ஸப் குழு எழுதியது.

அந்த வரியை வைத்தே தொடங்குகிறேன். பட்டியலில் இரண்டாவதாக 'நாடகக் கலைஞர்' என்று இருக்கிறது. அரிதாரம், மரக் கிரீடம், புஜக்கட்டை. தம்பி, அது நாடகம் இல்லை, கூத்து. உங்கள் தாத்தா கூத்தாடி.

படிக்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், தெரியும். நம் பக்கத்தில் அது வசவு. கூத்தாடி வீட்டில் பெண் எடுக்க ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசித்தவர்கள் நாம். விடிய விடிய உட்கார்ந்து பார்ப்போம், அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும்போது கீழே நின்று கையெடுத்துக் கும்பிடுவோம், விடிந்தால் 'கூத்தாடிப் பய' என்போம். அதனால்தான் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் அப்பாவைக் கழுவித் துடைத்து நாடகக் கலைஞர் ஆக்குகிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவர் ஜவுளி உற்பத்தியாளர் ஆகிறார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியவர் சித்த மருத்துவர் ஆகிறார். செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் இருந்தார். சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்குக் கூத்துக்காகத்தான் கிடைத்தது. அவரை யாரும் நாடக நடிகராக உயர்த்தவில்லை. அவருக்கும் அது தேவைப்படவில்லை. உங்கள் தாத்தாவுக்கு மட்டும் எதற்கு?

உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். திட்டத்தான் சொல்கிறேன். ஆனால் இதே தப்பை உங்களுக்கு முன்னால் செய்தவன் நான்.

எங்கள் ஊர் கண்ணமங்கலத்துக்கும் சந்தவாசலுக்கும் நடுவில். என் தாத்தா 1988இல் போனார். மறுவருஷமே ஜில்லாவைப் பிரித்து எங்கள் பக்கத்தைத் திருவண்ணாமலையோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே அவர் வட ஆற்காட்டுக்காரராகவே போய்ச் சேர்ந்தார். கருமாதிக்கு 16 பக்கத்தில் ஒரு மலர் போட்டோம். எழுதியவன் நான். எனக்கு அப்போது 26 வயது, எதுகை மோனை கண்ட இடத்தில் பாய்கிற வயது. முதல் பக்கத்தில் 24 வரி இரங்கற்பா. 'நாடகச் சுடரே, நற்றமிழ் ஊற்றே' என்று தொடங்கும். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் 40 வருஷம் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். அந்த மலரில் கட்டியங்காரன் என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. பெரிய மாமா அரசு வேலையில் இருந்தார். ஆபீஸ்காரர்கள் கருமாதிக்கு வருவார்கள், கோமாளி வேஷமெல்லாம் எதற்கு என்றார். நான் அடித்துவிட்டேன். போன மாதம் பெட்டியை ஒழிக்கும்போது அந்த மலர் கையில் கிடைத்தது. 16 பக்கமும் நின்றுகொண்டே படித்தேன். படத்தில் இருப்பவர் என் தாத்தா. எழுத்தில் இருப்பவர் யாரென்று தெரியவில்லை. அதற்கு ஒரு வாரம் கழித்து உங்கள் கடிதம் வருகிறது, 14 தலைப்புகளோடு. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூத்து பார்க்காதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கட்டியங்காரனைப் பற்றிக் கொஞ்சம். கூத்து நடக்கிற களரிக்கு முதலில் வருகிறவன் அவன்தான். திரை பிடித்திருப்பார்கள், அதற்குப் பின்னால் துரியோதனன் காலைத் தட்டிக்கொண்டிருப்பான். 'நீ யாரப்பா, எந்த ஊரு, இன்னா வேலையா வந்த?' என்று ராஜாவையே கேட்கிற உரிமை கட்டியங்காரனுக்கு மட்டும் உண்டு. மற்றவர்களுக்குப் பாட்டு இருக்கிறது, வழிவழியாக வந்த வசனம் இருக்கிறது. இவனுக்கு ஒன்றும் கிடையாது. அன்றைக்கு ஊரில் என்ன நடந்ததோ அதுதான் இவன் வசனம். ரேஷன் கடை எடைக்கல், ஏரி மதகுச் சண்டை, முன்வரிசையில் தூங்குகிற நாட்டாமை, எல்லாம் குருக்ஷேத்திரத்துக்குள் வந்துவிடும். கர்ணன் வேஷக்காரர் வரி மறந்து நின்றால், 'இன்னா மகாராஜா, தானம் குடுத்து குடுத்து பேச்சையும் குடுத்துட்டியா?' என்று ஒரு சிரிப்பை மூட்டி, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடியை எடுத்துக் கொடுப்பார் தாத்தா. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைத் தவிரவும் அவருக்குப் பல வேலைகள் தெரியும். ஆயில் எஞ்சின் பிரிப்பார். மாட்டுக்கு மருந்து கொடுப்பார். கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடம் செதுக்குவார். பாகப் பிரிவினைக்குக் கூப்பிடுவார்கள். ஊரில் ஆர்மோனியம் ரிப்பேர் பார்த்ததும் அவர்தான். உங்கள் குழுவில் விட்டால் இவருக்கும் 14 தேறும். ஆனால் ஏன் இத்தனை என்று யாராவது கேட்டார்களா? நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் கார்த்திகை வாக்கில் பிடுங்கிவிடலாம். ஏரி நிரம்பினால் கழனியில் ஒரு போகம் நெல். நிரம்பாத வருஷம் அதுவும் இல்லை. பாலாற்றை ஒட்டிய ஊர்களுக்கே மேலே வெறும் மணல், கசக்கால் வெட்டி ஊற்றுத் தண்ணீரை இழுத்து வந்தால்தான் உண்டு. நாங்கள் அந்த ஆற்றுக்கும் எட்டாத கொல்லைக்காரர்கள். தை பிறந்தால் கையில் வேலையில்லை. பங்குனியில் ஒவ்வொரு ஊராகத் திரௌபதியம்மன் கோயிலில் கொடியேறும். ஆனி வரைக்கும் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. ஆடியில் மறுபடி கொல்லை. நடுவில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் எஞ்சினும் மாடும் ஆர்மோனியமும் வைத்து நிரப்பினார். உங்கள் தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மழைக்காலத்தில் தெருவில் பாவு நூலை நீட்ட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறும். அந்த இரண்டு மாதம் என்ன செய்தார், மூங்கில் பத்தையை எப்போது எடுத்தார், கேட்டுப் பாருங்கள். பன்முகத் திறமை என்று நீங்கள் எழுதுவதில் பாதி, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி பார்த்தது.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். அதற்குத்தான் உண்மையில் இவ்வளவு நீட்டுகிறேன்.

1971 டிசம்பர். எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் அதிகம். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வருகிற வழியில் கம்மவான்பேட்டை இருக்கிறதே, வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பெயரெடுத்த ஊர். எங்கள் ஊர் அவ்வளவு இல்லை, தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள். '56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் முகவரி போட்ட கடிதம் வந்தால் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் திண்ணைக்கு வருவார்கள். தாத்தாதான் படித்துச் சொல்ல வேண்டும், பதிலும் எழுத வேண்டும்.

பாகிஸ்தான் சண்டை முடிந்து பத்து நாள் இருக்கும். கிழக்குத் தெருக் கிழவி ஒருத்தி இன்லண்ட் கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். ஒரே மகன். ஒரு மாதமாகத் தகவல் இல்லை. திண்ணையில்கூட உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாத்தா ஈர்க்குச்சியால் ஓரத்தைப் பிரித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தேன். அப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் படிக்க வந்திருந்தது, கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலம்.

'உயிரோட கீறானா?' என்றாள்.

'கீறான், கீறான். கேளு' என்று தாத்தா படிக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு மகன் எழுதிக்கொண்டது, நான் சௌக்கியம், நீ சௌக்கியமா. இங்கே குளிர் அதிகம், கம்பளிக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். குண்டுச் சத்தத்தில் தூங்குவதற்கு இப்போது பழகிவிட்டது. உன் கையால் கேவுரு களி தின்று எத்தனை நாளாச்சு. மல்லாட்டை பிடுங்கியாயிற்றா, எத்தனை மூட்டை. சண்டையினால் தபால் எல்லாம் தாமதம், பணம் வர இரண்டு மாசம் ஆகும், அதுவரை கைகாவலாகச் செலவு செய். பொங்கலுக்கு லீவு கிடைக்காது, மனசைத் தளரவிடாதே. இப்படி ஐந்து நிமிஷம் போயிற்று. கிழவி எப்போது உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

நான் கடிதத்தைப் பார்த்தேன். ஆறு வரி இருந்தது.

உயிரோடுதான் இருக்கிறான். அனுப்பிய அறுபது ரூபாயை அக்கா புருஷனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். உனக்கு உன் மகள்தான் பெரிது. இனிமேல் என்னிடம் பணம் எதிர்பார்க்காதே. பொங்கலுக்கு வரமாட்டேன். அவ்வளவுதான். களி இல்லை, கம்பளி இல்லை.

'தாத்தா, இங்க வந்து...' என்று விரலை நீட்டினேன். அவர் திரும்பவே இல்லை. வலது காலைப் பின்னால் கொண்டுவந்து, குதிகாலால் என் கட்டைவிரலை அழுத்தினார். வலி உச்சிக்கு ஏறியது. படிக்கிற குரலில் ஓர் இழைகூடப் பிசகவில்லை.

அப்புறம் பதில். 'காசு வேணும்னு எழுது, கூரை ஒழுவுது' என்றாள் கிழவி. தாத்தா எழுதினார். கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சண்டை நடந்த நாளெல்லாம் உன் அம்மா திரௌபதியம்மன் கோயிலில் விளக்கு வைத்தாள், எண்ணெய்க்குக் காசில்லாத அன்று எங்கள் வீட்டில் வந்து வாங்கிப் போனாள் என்று எழுதினார். அது நிஜம்தான். எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது எங்கள் ஆயா, நானே பார்த்தேன். ஆனால் அதை எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது அவளுக்கு.

மாசியில் மணியார்டர் வந்தது. சித்திரையில் மகனே வந்தான். அதே திண்ணையில் உட்கார்ந்து, 'பெரியவரே, எங்கம்மாவுக்கு இவ்ளோ பேசத் தெரியாது' என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு மிலிட்டரி ரம் பாட்டிலை எடுத்து வைத்தான். மருந்துக்கு ஆகும் என்று ஆயா அதைப் பரண்மேல் ஏற்றினார். பத்து நாளில் தீர்ந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததாக ஞாபகமில்லை.

இதற்கு என்ன பட்டம் கொடுப்பீர்கள்? கடித வாசிப்புச் செம்மலா? கூத்துக் களரியில் ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்றவர், இந்தத் திண்ணையில் மகனுக்கும் தாய்க்கும் நடுவில் நின்றார். பாகப் பிரிவினையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில். என் கண்ணுக்கு இவை மூன்று திறமையாகத் தெரியவில்லை, ஒரே ஆளாகத் தெரிகிறது. இதில் ஆயில் எஞ்சின் எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள், வராது. அவருக்கு எஞ்சின் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாசியில் வந்த பணத்தையும் அந்த மருமகன்தான் விழுங்கினான். கடிதத்தை உள்ளது உள்ளபடி படித்திருந்தால் கிழவி அன்றைக்கே கையை இறுக்கியிருப்பாள். கூரை அடுத்த மழைக்கும் ஒழுகியது. இந்தக் கதையை மலரில் எழுதினால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. எதையுமே எழுதவில்லை. 'நற்றமிழ் ஊற்றே' என்று எழுதினேன்.

உங்கள் கேள்விகள். காமராஜர் விஷயம்: குடியாத்தம் பக்கத்தில் 90 வயதை எட்டிய யாரைக் கேட்டாலும் அந்தத் தேர்தலில் பாடியிருப்பார், இல்லையென்றால் காமராஜருக்குச் சோடா வாங்கிக் கொடுத்திருப்பார். பெரியாரும் அண்ணாவும்கூட அவரை ஆதரித்த தேர்தல் அது, எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட். ஊரில் மேடைக்கா பஞ்சம்? 21 வயதுக் கூத்துக்காரர் பாடியிருக்கலாம். 'என்று வீட்டில் சொல்வார்கள்' என்று போட்டு எழுதிவிட்டுப் போங்கள். ஆதாரத்தைத் தேடி அலையாதீர்கள். என்ன பாட்டு என்று யாருக்காவது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

குடி, கடன்: எழுதுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடன் கொடுத்தவர்களின் பேரன்கள் தெவசத்துக்கு வரத்தானே போகிறார்கள்.

ஆங்கிலம் உங்கள் இஷ்டம். 'பல்கலைச் செம்மல்' என்று அட்டையில் போட்டீர்களென்றால் என் பெயரை நன்றி சொல்லும் பக்கத்தில் போடாதீர்கள்.

14 தலைப்பைக் கிழித்துப்போடுங்கள் என்று சொன்னால் 23 பேரும் சண்டைக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்துவிடுங்கள், ஒரு நிபந்தனையோடு. 'அவர் இன்னார்' என்று எழுதக்கூடாது. 'அவர் இன்னது செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்' என்று எழுத வேண்டும். சிலம்பம் என்றால் கம்பை எங்கே வெட்டினார், எதில் ஊறப்போட்டார். கட்டு என்றால் முட்டை வெள்ளையா, உளுந்தா, வேறேதாவதா, கட்டும்போது அழுகிற பிள்ளையிடம் என்ன பேசினார். பக்கத்தில் இராதவர்களின் பக்கம் காலியாகப் போகட்டும்.

தறியை மட்டும் நீங்கள் எழுதுங்கள். அதற்கு உங்கள் ஆயாவிடம் போக வேண்டும். அவரைப் பற்றி இரண்டே தகவல் எழுதியிருக்கிறீர்கள், வயதும் காதும். பாதி வீட்டைத் தறி அடைத்துக்கொண்டிருந்த வீட்டில் காலமெல்லாம் இருந்தவருக்குக் காது கேட்காதுதான். தறிக்குத் தார் நூல் சுற்றியது யார்? விடிய விடிய கூத்தாடிவிட்டு வந்து தாத்தா தூங்கிய பகல்களில் தறியில் யார் உட்கார்ந்தார்? அறுந்த இழையைப் பிணைத்தது யார்? எங்கள் வீட்டில் அவர் பாரதக் கூத்துக்குப் போன இரவுகளில் லாந்தரை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய் மடை திருப்பியது ஆயா. அதுவும் என் 16 பக்கத்தில் இல்லை.

தெவசத்தன்று போய்க் கேட்காதீர்கள், சமையலும் சண்டையுமாக இருக்கும். கார்த்திகைக்கு முன்னால் ஒரு சாதாரண வாரநாளில் லீவு போட்டுவிட்டுப் போங்கள், தனியாக. போனில் பதிவு செய்வதென்றால் செய்யுங்கள், ஆனால் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டாம். எந்தக் காது கொஞ்சம் கேட்கும் என்று அம்மாவிடம் விசாரித்து அந்தப் பக்கமாக உட்காருங்கள். வீட்டில் பழைய தறி நாடா, இழையை ஓட்டுகிற கட்டை, ஒன்று எங்காவது கிடக்கும், பரணில் பாருங்கள். அதை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். நான் சொல்கிற அளவுக்குப் பேசுவாரா என்று தெரியாது. அன்றைக்கு அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்து எழுதினாலே ஒரு பக்கம் வந்துவிடும்.

மலர் அச்சானதும் ஒன்று அனுப்புங்கள். தபாலில். பிடிஎஃப் வேண்டாம்.